மூன்று விரல் கண்ணி

ஏரிக்கரை,
மீன் பருவம் தொடங்கி இருபதாம் நாள்

அன்பு மருமகளுக்கு,

உன் தாய்மாமன் மனம் நிறைந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும் கருங்கல் மாதிரி இருக்கிறோம். நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று உன் கையெழுத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். நர்ஸ் வேலை பார்ப்பவர்களின் எழுத்து, உடம்பு நன்றாக இருந்தால் வலப்பக்கம் சாயும், இல்லாவிட்டால் இடப்பக்கம் சாயும். இது நானே கண்டுபிடித்தது. உங்கள் பெரிய டாக்டரிடம் சொல்லிப் பார், அசந்துபோவார்.

நீ ஆறு வரி எழுதினால் அதில் நான்கு வரி என் உடம்பைப் பற்றித்தான் இருக்கிறது. எடை எத்தனை கிலோ, சரியாகப் பார்த்து எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறாய். மருமகளே, என்னைத் தாங்கும் எடை மெஷின் இந்தப் பக்கத்தில் இல்லை. மீன் ஏலக் கொட்டகையில் இருந்த ஒன்றில் போன வருஷம் ஏறி நின்றேன். முள் மூன்று சுற்றுச் சுற்றி, வெட்கப்பட்டு நின்றேவிட்டது. அதை இன்னும் ரிப்பேர் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆகவே எடை விஷயத்தை இத்தோடு விடு.

செய்திக்கு வருகிறேன். இந்தப் பருவம் ஏரியில் மீன் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. முப்பத்திரண்டு படகும் விளிம்பு வரை முங்கித்தான் கரைக்கு வருகின்றன. போன வாரம் ஒரு படகில் இடம் போதாமல் நாலைந்து மீன்கள் தாங்களாகவே இறங்கிப் பின்னாலேயே நீந்தி வந்தன. கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன். இதற்கெல்லாம் யார் காரணம் என்று கேட்டால் ஊரே என் கையைத்தான் காட்டும்.

விரலை வைத்து வலை அளப்பார்கள் என்று சொன்னால் உன் அறைத்தோழி நம்ப மாட்டேன் என்கிறாள் என்று எழுதியிருந்தாய். அந்தப் பெண்ணையும் பக்கத்தில் உட்கார வைத்து இதைப் படி. நீ பிறப்பதற்கு முன்னால் இங்கே கண்ணியை, அதுதான் வலையின் ஓட்டையை, ஆளாளுக்கு ஒரு அளவில் வைத்துப் பின்னினார்கள். அவன் சின்னதாகப் பின்னினான் என்று இவன் அதைவிடச் சின்னதாகப் பின்னினான். கடைசியில் கொசுவலையா மீன்வலையா என்று தெரியாமல் போயிற்று. ஏரி துடைத்து வைத்த தட்டு மாதிரி காலி. நான்கு வருஷம் படகுகளைக் கரையில் கவிழ்த்துப் போட்டு அவற்றின் மேல் துணி காயப் போட்டார்கள். பிறகு சங்கம் கூடி, இவ்வளவுதான் கண்ணி என்று ஒரு மரக்கட்டை செய்து வைத்தது. ஒரே மாதத்தில் அந்தக் கட்டை இளைத்துவிட்டது. யாரோ இழைப்புளி போட்டிருக்கிறார்கள். இரண்டாவது கட்டை செய்தார்கள். அதற்கும் அதே கதி. அப்போதுதான் கூட்டத்தில் நான் எழுந்து, கட்டையை இழைக்கலாம், மனுஷன் கையை இழைக்க முடியுமா என்று கேட்டேன். (அதைக் கேட்டது வேறு யாரோ என்று உன் அத்தை சொல்வாள். நம்பாதே.)

படகு இல்லாதவனாக, வலை இல்லாதவனாக, எவன் பக்கமும் சாயாதவனாக ஒரு ஆள் தேடினார்கள். நான் படகுகளுக்கு ஓட்டை அடைத்துத் தார் பூசுகிறவன். எல்லாப் படகின் ஓட்டையும் எனக்குத் தெரியும் என்பதால் எல்லோருக்கும் என்னிடம் ஒரு மரியாதை உண்டு. அன்றைக்கு என் ஒவ்வொரு விரலும் இரண்டு விரல் பருமன். அன்றிலிருந்து நான் அளவு மாமா. வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஏரிக்கு அடியில் மூழ்கிக் கிடக்கும் மரங்கள் வலையைக் கிழித்துவிடுவதால் வருஷா வருஷம் புது வலை பின்ன வேண்டும். அதற்கு முன்னால் நான் மூன்று விரலைச் சேர்த்துப் பலகையில் வைப்பேன். தச்சர் இரண்டு பக்கமும் கோடு கிழித்து, படகுக்கு ஒன்றாக முப்பத்திரண்டு அளவுக் கட்டை அறுத்துக் கொடுப்பார். பின்னிய வலைக்குள் என் மூன்று விரலும் உரசிக்கொண்டு போய்வர வேண்டும். பொருந்தாத வலை அந்தப் பருவம் முழுக்கக் கொட்டகையில் தொங்கும். இதில் உள்ள சூட்சுமம் என்னவென்றால், ஒரு தரமாவது முட்டை போட்ட மீன்தான் அந்தக் கண்ணியில் மாட்டும். குஞ்சுகள் என் விரல் வழியாக வீட்டுக்குப் போய்விடும். ஐந்தாம் வகுப்புப் படித்தவன் கண்டுபிடிப்பு இது. அதை இரண்டு தரம் படித்ததால் ஆறு என்றே வைத்துக்கொள்.

அக்கரையில் போன வருஷம் மீன் தூள் ஆலை ஒன்று வந்திருக்கிறது. எந்த மீனானாலும் வாங்கி, காயவைத்து, அரைத்து, கோழித் தீவனத்துக்கு அனுப்புகிறார்கள். அந்த முதலாளி போன வருஷம் என்னைத் தேடி வந்து, விரலைக் கொஞ்சம் இறுக்கிச் சேர்த்து வையுங்களேன் மாமா, யாருக்குத் தெரியப்போகுது என்று குழைந்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன் பார், ஆள் வந்த காரை மறந்து நடந்தே போய்விட்டார். ஆனால் மனுஷன் மனதில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. போன வாரம் பழக்கூடையோடு வந்தார். இளைச்சு, இருபது வயசு குறைஞ்ச மாதிரி இருக்கீங்களே, அந்த ரகசியத்த எனக்கும் சொல்லுங்க என்றார். ஆலைச் சுவரில் என் கையை ஆள் உயரத்துக்கு வரையச் சொல்லியிருக்கிறாராம். உன் அத்தை ஒரு பழத்தையும் தொடவில்லை. அவளுக்குப் பெரிய மனுஷர்களோடு பழகத் தெரியாது.

இந்தக் கடிதத்தில் எழுத்து கோணலாக இருந்தால் அது பேனாவின் குற்றம். மோதிரம் தார் வேலையில் நழுவுகிறது என்று உன் அத்தை அதற்குள் நூல் சுற்றிக் கொடுத்திருக்கிறாள், அது வேறு குறுகுறு என்கிறது. போன மாதம் டவுனுக்குப் போயிருந்தேன். வேறொன்றும் இல்லை, பல்.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவு ஷிப்ட் முடிந்தால் பஸ்ஸில் தூங்காதே. உன் அம்மா மேலிருந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், கீழிருந்து நான். உனக்கு ஒரு குறையும் வராது.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்


ஏரிக்கரை,
பருவத்தின் அறுபதாம் நாள்

அன்பு மருமகளுக்கு,

உன் மாமன் எழுதுகிறேன். நான் சௌக்கியம். உன் அத்தையும் சௌக்கியம், கோபமாக இருக்கிறாள் என்பதைத் தவிர.

இங்கே ஒரு சின்ன சலசலப்பு. ஊரில் எவனாவது உளறி உன் காதுக்கு வருவதற்கு முன்னால் நானே நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன். மீன் இன்னும் கொட்டுகிறதுதான். ஆனால் மீனின் அளவு கொஞ்சம் குறைந்திருக்கிறது. கொஞ்சம்தான். முன்பு தட்டுக்கு வெளியே வால் நீட்டிக்கொண்டிருக்கும் கெண்டை, இப்போது தட்டுக்குள் அடக்க ஒடுக்கமாகப் படுக்கிறது. பாதிக்கு மேல் தூள் ஆலைக்குத்தான் போகிறது. யாரோ திருட்டுக் கண்ணி பின்னுகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பியதால் எல்லா வலையையும் கொட்டகையில் கொண்டுவந்து கொட்டச் சொன்னேன். ஒவ்வொன்றாக விரலை விட்டுப் பார்த்தேன். அத்தனையும் கச்சிதம். ஒரு வலைகூடத் தப்பில்லை.

அப்போதுதான் ஊசி அக்கா வந்தாள். வலை ஊசியை வாயில் கவ்விக்கொண்டே பேசுவாளே, அவள்தான். புருஷன் கால் ஒடிந்து போன வருஷம் முழுக்கப் படுத்துவிட்டதால் படகை இப்போது அவள்தான் ஓட்டுகிறாள். ஈர வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே என் முன்னால் வந்து நின்றாள். அண்ணே, இது போன வருஷ வலை, அப்ப தண்ணியில இறங்கவே இல்ல, புதுசுக்கு வழியில்லாம இந்த வருஷம் இதத்தான் போடுறேன், இதுவும் உங்க விரல் அளவுதான், இப்ப விட்டுப் பாருங்க என்றாள். விட்டேன். சற்றுத் தாராளமாகப் போயிற்று. பின்னாலிருந்து ஒருவன், மாமா விரலு ஊஞ்சல் ஆடுதுடோய் என்றான். கொட்டகையே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. வலை சரியாத்தான் இருக்கு, உங்க விரலுதான் இளைச்சுப் போச்சுண்ணே என்றாள், அத்தனை பேர் முன்னால்.

என் ரத்தம் கொதித்ததற்கு அதில் நாலு படி அரிசி வேகவைத்திருக்கலாம். இருபத்தைந்து வருஷம் இந்த ஏரியைக் காத்த கை இது! நனைந்தால் நூல் நீளும், அதுகூடத் தெரியாமல் நீ என்னத்தைப் பின்னினாய் என்று கேட்டேன். பொருந்தாத வலை தொங்க வேண்டும் என்பது சட்டம், பெரிய கண்ணியாக இருந்தாலும் பொருந்தாதது பொருந்தாததுதான் என்று தீர்ப்புச் சொன்னேன். படகுச் சங்கத் தலைவர், நம் நெட்டை, வலையை வாங்கி விட்டத்தில் கட்டினார். ஒருவரும் மறுக்கவில்லை. முப்பது பேர் இருந்த இடத்தில் ஒருவர்கூட மறுக்கவில்லை என்றால் நான் சொன்னது நியாயம் என்றுதானே அர்த்தம்?

அவள் இப்போது தூள் ஆலையில் கூடை கழுவப் போகிறாள். அது அவள் இஷ்டம். உன் அத்தை மூன்று நாளாக என்னிடம் சாப்பாடு ரெடி என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசுவதில்லை. அவளுக்குச் சட்டம் தெரியாது.

சும்மா ஒரு சந்தேகம். நீ படித்தவள், நாலு உடம்பைப் பார்க்கிறவள். மனுஷனுக்கு விரல் இளைக்குமா? கை கால் இளைக்கும், வயிறு இளைக்கும், அது தெரியும். விரல் எலும்புதானே, அது எப்படி இளைக்கும்? ஊசி அக்காவுக்கு வாயடைக்கிற மாதிரி ஒரு பதில் எழுது, கொட்டகைக் கதவில் ஒட்டிவிடுகிறேன். அவசரமில்லை. ஆனால் இந்த வாரத்துக்குள் எழுதினால் நல்லது.

நல்ல செருப்பு வாங்கிக்கொள். நாள் முழுக்க நிற்கிறவளுக்குப் பாதம்தான் மூலதனம். தீர்க்காயுசாக இரு.

உன் தாய்மாமன்


ஏரிக்கரை,
பருவத்தின் எண்பத்தைந்தாம் நாள்

என் அன்பு மருமகளுக்கு,

உன் பதில் வந்தது. இரண்டு பக்கமாவது எழுதுவாய் என்று நினைத்துக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், ஒரே வரி. "இளைக்கும் மாமா. உங்கள் மோதிரம் எப்படி இருக்கிறது?" அவ்வளவுதான். எழுத்து இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அதைக் கதவில் ஒட்டவில்லை. சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

அந்தக் கடிதம் வந்த காலையில் உன் அத்தை பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மூன்று வாரம் பேசாதிருந்தவள் திடீரென்று என்னைக் கூப்பிட்டாள். வந்து பாருங்க, அறுபது மீன் வயித்தக் கீறிட்டேன், ஒண்ணுலகூட முட்டை இல்ல, எல்லாம் பச்சப் புள்ளைங்க என்றாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். எப்படியாவது ஒன்றிலாவது இருக்கும் என்று பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.

மருமகளே, இதுவரை எழுதிய கடிதங்களில் கொஞ்சம் ஜோடனை இருக்கும். உனக்கே தெரியும். இதில் முடிந்தவரை குறைத்து எழுதுகிறேன். மீன் எதுவும் படகின் பின்னால் நீந்தி வரவில்லை. டவுனுக்குப் போனது பல்லுக்காக இல்லை. எட்டு மாதமாகச் சாப்பாடு உள்ளே போக மாட்டேன் என்கிறது. விரல் இளைத்தது எனக்கு முன்பே தெரியும். தச்சர் பலகையில் கோடு கிழித்தபோதே, என்ன மாமா, போன வருஷம் இந்தப் பலகையில இத்தன கட்ட வராதே என்றார். விரலுக்கு ஒரு நூல் இளைத்தால் மூன்று விரலுக்கு மூன்று நூல், தச்சர் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம், ஆக அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். நான் சிரித்துக்கொண்டே, பலகை வளர்ந்திருக்கும் என்று சொல்லிவிட்டேன். அவரும் சிரித்தார். அந்த இடத்தில் வாயைத் திறந்திருந்தால் இத்தனை குஞ்சுகள் பிழைத்திருக்கும். திறந்தால் ஏன் இளைத்தீர்கள் என்று கேட்பார்களே. அதற்குப் பயந்துகொண்டு ஓர் ஏரியையே அரைக்கக் கொடுத்திருக்கிறேன்.

நேரே கொட்டகைக்குப் போனேன். விட்டத்தில் தொங்கிய ஊசி அக்காவின் வலைக்குள் விரலை விட்டேன். கோபம் இல்லாமல் விட்டுப் பார்த்தால் நன்றாகவே தெரிந்தது. அங்கேயே நின்று இன்னொன்றையும் யோசித்தேன். அது நைலான் நூல். நனைந்தால் நீளாது. அன்று அங்கே இருந்த முப்பது பேருக்கும் அது தெரியும், பிறந்ததிலிருந்து நூலோடு புழங்குகிறவர்கள். நெட்டைக்குத் தெரியும். ஊஞ்சல் ஆடுது என்று சிரித்தவனுக்கும் தெரியும். படகு நிறைகிற வரைக்கும் யார் வாயும் திறக்காது போலிருக்கிறது. எனக்குப் பெருமை, அவர்களுக்கு மீன். ஏரிக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

அக்கா வீட்டுக்குப் போனேன். ஆலையிலிருந்து வந்து, கை முழுக்க அந்தத் தூள் நாற்றத்தோடு, புருஷனுக்குக் கால் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். தப்பு என்மேலதான் என்று ஒரு பெரிய பேச்சாகத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டாள். வலை கெடக்கட்டும்ணே, உடம்புக்கு என்ன, அதச் சொல்லுங்க மொதல்ல என்றாள். அன்னைக்கும் அதத்தான் கேக்க வந்தேன், நீங்க வலையப் பத்திப் பேசிட்டீங்க என்றாள். அவள் சுற்றிய கட்டுத் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இதில் ஜோடனை இல்லை.

மறுநாள் சங்கத்தைக் கூட்டச் சொன்னேன். தூள் ஆலை முதலாளியும் வந்து முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், யார் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை. மோதிரத்தில் சுற்றியிருந்த நூலைப் பிரித்தேன். நீளமான நூல், பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. பிறகு கையைக் கீழே தொங்கவிட்டேன். மோதிரம் தானாகக் கழன்று தரையில் விழுந்து உருண்டு தராசுக்கு அடியில் போய் நின்றது. இதுதான் உங்க அளவு, இந்தக் கையை நம்பித்தான் எல்லாரும் குஞ்சு பிடிச்சீங்க, இது இளைச்சது எனக்குத் தெரியும், சொல்லாம இருந்தேன், அக்கா வலைதான் சரியான வலை என்றேன்.

அப்போது முதலாளி எழுந்து, சட்டம் என்ன சொல்லுது, அளவு மாமா விரல்னுதானே சொல்லுது, விரல் இளைச்சா சட்டமும் சேர்ந்து இளைக்கும், இதுல யாருக்கு என்ன நஷ்டம் என்றார். நாலைந்து பேர் கை தட்டினார்கள். மருமகளே, தட்டியவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதில் ஒருவன் என்னிடம் வந்து, மாமா, வீட்டுக்கு ஓடு மாத்தணும், மழைக்கு ஒழுகுது, இந்த ஒரு வருஷம் மட்டும் கண்ண மூடிக்கோங்க என்று கெஞ்சினான். அவன் வீடு ஒழுகுவது எனக்குத் தெரியாதா? நான்தானே போய்த் தார் பூசிவிட்டு வந்தேன்.

அவனிடம் சொன்னேன். உன் ஓட்டுக்கு எத்தனை மீன் வேணும்னு ஏரிகிட்ட கேட்டா ஏரி கொடுக்கும்டா. உன் வயிறு, என் வயிறு, கோழி வயிறுகூட ஒரு நேரத்துல போதும்னு சொல்லும். அந்த மெஷினுக்கு வாய் மட்டும்தான் இருக்கு, வயிறு இல்ல. அதுக்குப் போதும்னு சொல்ற இடமே கிடையாது. குஞ்சத் தீத்துட்டு அவரு மெஷினக் கழட்டி லாரியில ஏத்திக்கிட்டு அடுத்த ஏரிக்குப் போயிடுவாரு, நீ படகக் கழட்டிக்கிட்டு எங்க போவ என்று கேட்டேன். முதலாளி என்னைப் பார்த்து, உங்களுக்கு உடம்பு சரியில்ல, உட்காருங்க என்றார். முதல்முறையாக உண்மையைச் சொன்னார். உட்கார்ந்துகொண்டேன்.

முடிவு என்ன ஆயிற்று என்று கேட்பாய். எல்லோரும் கண்ணீர் விட்டு என் காலில் விழுந்தார்கள் என்று எழுத ஆசைதான். நடந்தது இது. நெட்டை போய், விட்டத்தில் கட்டிய அக்கா வலையை அவிழ்த்து அவள் தோளில் போட்டார். பிறகு தன் வலையைக் கொண்டுவந்து அதே இடத்தில் தொங்கவிட்டார். அவர் பின்னாலேயே ஒவ்வொருவராகக் கட்டினார்கள். பதினேழு வலை. மீதிப் பதினான்கு படகு மறுநாளும் ஏரிக்குப் போயிற்று, இன்றைக்கும் போயிருக்கிறது. ஒழுகுகிற வீட்டுக்காரன் கட்டினான், கை தட்டாத இரண்டு பேர் கட்டவில்லை. மனுஷனைக் கணக்குப் போடவே முடியாது. பதினேழு பேரும் இப்போது அக்கா வலையைப் பார்த்துப் புதிதாகப் பின்னுகிறார்கள், மீன் முட்டை போட்டு முடிக்கும் வரை ஏரியில் இறங்குவதில்லை என்று பேச்சு. அந்த இரண்டு மாதம் எப்படிச் சமாளிப்பது என்று வீட்டுக்கு வீடு சண்டை. நெட்டை அந்தக் கண்ணி அளவுக்கு இரும்பில் ஒரு வளையம் அடித்து வாங்கி வந்துவிட்டார். இரும்புக்கு நோய் வராது என்று நியாயம் பேசுகிறார். இரும்புக்கு வெட்கமும் வராதே என்று நான் கேட்டேன். இருந்தாலும் வளையம் நன்றாகத்தான் இருக்கிறது.

மீதிப் பதினான்கு பேரை வழிக்குக் கொண்டுவருவது எனக்கு இடது கை வேலை. தினம் ஒருவன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து பேசினால் பதினான்கு நாள். அதற்குத்தான் நேரம் எப்படி அமையும் என்று தெரியவில்லை.

இனி உடம்பு விஷயம். டவுன் டாக்டர் வயிற்றில் ஒரு முடிச்சு இருக்கிறது என்றார். வலை பின்னுகிற ஊரில் முடிச்சுக்கா பஞ்சம் என்று கேட்டேன், அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சின்ன வயது டாக்டர். வருகிற வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். சீட்டில் இருப்பதை அப்படியே பார்த்து இந்தக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீ படித்தால் உனக்குப் புரியும். எனக்குப் புரிய வேண்டாம் என்றுதான் இங்கே யாரிடமும் காட்டவில்லை.

நீ லீவு போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உன் வேலை பெரிய வேலை, அங்கே எத்தனை பேர் உன்னை நம்பிப் படுத்திருப்பார்கள். உன் அத்தையை நினைத்துத்தான் யோசனையாக இருக்கிறது. அவளுக்கு லிஃப்டில் ஏறப் பயம். எந்த ஜன்னலில் எந்தச் சீட்டைக் கொடுக்க வேண்டும் என்று தெரியாது. வராந்தாவில் பையை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது கூப்பிடுவார்களா என்று எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்காக ஒரு இரண்டு நாள் வர முடிந்தால் வா.

வரும்போது ஒன்று செய். கட்டில் பக்கம் வந்ததும், நல்லாத்தானே இருக்கீங்க மாமா என்று சொல்லாதே. அப்படிச் சொல்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், அதைக் கேட்டுக் கேட்டுத்தான் இவ்வளவும் ஆயிற்று. என் கையை எடுத்து நன்றாகப் பார். பார்த்ததை உள்ளபடி என்னிடம் சொல். டாக்டர் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும். நீ சொன்னால் இருக்காது.

நீயும் உன் தோழியும் நீங்கள் பார்த்துக்கொள்ளும் நோயாளிகள் அத்தனை பேரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மூன்றாவது மாடி.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
தாய்மாமன்